முதன்முறையாக ஆண்ட்ராய்டு போனை ரூட் செய்ய: திரும்பும் வழியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முழுமையான வழிகாட்டி

ரூட் செய்யும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முன் செய்ய வேண்டிய ஏற்பாடுகளுக்குத்தான் ஒரு முழு மாலை வேண்டும். முதல் முறை செய்பவர்கள் பெரும்பாலும் ஏற்பாட்டை விட்டுவிட்டு நேராகக் கட்டளைகளுக்குப் போய்விடுகிறார்கள். போன் லோகோவோடு நின்ற பிறகுதான் பழையபடி ஆக்குவது எப்படி என்று தேடத் தொடங்குகிறார்கள். இங்கே அந்த வரிசையை மாற்றியிருக்கிறேன். முதலில் திரும்பி வரும் வழி, அதன் பிறகே போகும் வழி.

ஆண்ட்ராய்டு லினக்ஸ் கருவின் (கெர்னல்) மேல் ஓடுகிறது. லினக்ஸில் எல்லா உரிமையும் உள்ள பயனருக்கு ரூட் என்று பெயர். கடையில் வாங்கும் போனில் அந்த உரிமை நமக்குக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு செயலிக்கும் தனி எண், தனி இடம். ஒன்றின் கோப்பை இன்னொன்று தொட முடியாது. போனுக்குச் சொந்தக்காரரான நாமும் அந்தக் கோப்புகளைப் பார்க்க முடியாது. ரூட் செய்தால் அந்த வேலி நமக்கு விலகும். நாம் அனுமதி கொடுக்கும் செயலிக்கும் விலகும். இந்த இரண்டாவது பகுதிதான் ஆபத்து. அதை மறக்காமல் இருந்தால் போதும், பயப்படத் தேவையில்லை.

எதற்காக ரூட் என்று முதலில் முடிவு செய்யுங்கள். தேவையில்லாத முன்நிறுவிய செயலிகளை எடுக்க மட்டும் என்றால் ரூட் வேண்டாம். கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி என்ற கருவி மூலமாகவே அவற்றை உங்கள் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். விளம்பரத் தொல்லைதான் பிரச்சினை என்றால் செட்டிங்ஸில் உள்ள பிரைவேட் டிஎன்எஸில் விளம்பரம் தடுக்கும் சேவை ஒன்றின் முகவரியைக் கொடுத்தால் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். செயலிகளை அவற்றின் தரவோடு சேர்த்து முழுமையாகப் பிரதி எடுக்க வேண்டும், அழைப்புகளைச் சத்தமில்லாமல் பதிவு செய்ய வேண்டும், சார்ஜ் இந்த அளவில் நிற்க வேண்டும் என்று நாமே கட்டளையிட வேண்டும், அல்லது போனுக்குள் என்ன நடக்கிறது என்று உண்மையிலேயே கற்க வேண்டும் என்றால் ரூட் செய்வதில் அர்த்தம் இருக்கிறது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் டெஸ்டிங், எம்பெடட் வேலைக்குப் போக நினைக்கும் மாணவர்களுக்கு நான் இதைத் தாராளமாகச் சொல்வேன். பூட்லோடர் (போன் எழும்போது ஆண்ட்ராய்டைத் தொடங்கி வைக்கும் நிரல்), பார்ட்டிஷன் (சேமிப்பகத்தின் தனித்தனிப் பகுதி), கையொப்பச் சரிபார்ப்பு (மென்பொருள் உற்பத்தியாளருடையதுதானா என்று பார்ப்பது) எல்லாம் பாடப்புத்தகத்தில் படிப்பதைவிடக் கையால் செய்யும்போது நன்றாகப் புரியும்.

எந்தப் போனில் செய்வது

வங்கிச் செயலி இருக்கும் போனில் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

மலேசியாவில் இது வெறும் வசதிப் பிரச்சினை இல்லை. 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, இணைய மோசடிகளைத் தடுக்க வங்கிகளுக்குச் சில கட்டாய நடவடிக்கைகளை அறிவித்தது. எஸ்எம்எஸ் வழி வரும் ஓடிபியைக் கைவிட வேண்டும், ஒரு கணக்குக்கு ஒரே போனில்தான் ஒப்புதல் கொடுக்க முடிய வேண்டும், புதிய போனைப் பதிந்தால் சிறிது நேரம் காத்திருக்க வைக்க வேண்டும் என்பவை அதில் அடக்கம். ஆகவே இன்று பணம் அனுப்புவதற்கான ஒப்புதல் உங்கள் போனில் உள்ள செயலிக்குள்தான் வருகிறது. வங்கிச் செயலிகளும் மின்பணப்பைகளும் பல, ரூட் ஆன போனைக் கண்டால் திறக்காது. காலையில் வீட்டு வாடகை அனுப்ப வேண்டிய நேரத்தில் அதைக் கண்டுபிடிப்பது நல்லதல்ல. வேறு போனுக்கு மாற்றினாலும் காத்திருப்பு நேரம் ஓடி முடியும்வரை பெரிய தொகை அனுப்ப முடியாது.

ஆகவே இரண்டாவது போன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டிராயரில் கிடக்கும் பழையது இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் எல்லாப் போனும் ரூட்டுக்கு ஒத்துவராது. பூட்லோடரைத் திறக்க உற்பத்தியாளர் அனுமதிக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி. கூகல் பிக்சல் இதற்கு மிக எளிது. கட்டளை ஒன்று போதும், பழைய நிலைக்குத் திருப்பத் தேவையான மென்பொருளையும் கூகலே வெளியிடுகிறது. ஒன்பிளஸும் பரவாயில்லை. ஷாவ்மியில் முடியும், ஆனால் பொறுமை வேண்டும். சாம்சங்கில் மாடலையும் பதிப்பையும் பொறுத்தது. ஹுவாவே 2018இலேயே பூட்லோடர் திறப்பு எண் கொடுப்பதை நிறுத்திவிட்டது. விவோ, ஓப்போ, ஹானர் வைத்திருப்பவர்கள் முதல் முயற்சிக்கு அந்தப் போனை ஒதுக்கி வைத்துவிடுவது நல்லது.

கொம்தாரிலோ பிராங்கின் மாலிலோ பழைய பிக்சல் வாங்கப் போகிறீர்கள் என்றால் விலை பேசும் முன் ஒரு வேலை இருக்கிறது. கடைக்காரரிடம் "பாஸ், இது ஏபி செட்டா, மலேசியா செட்டா?" என்று கேளுங்கள். இறக்குமதியான ஏபி செட் என்றால், போனை வைஃபையில் இணைத்து டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து (திறக்கும் முறை கீழே வருகிறது), பூட்லோடர் திறப்பை அனுமதிக்கும் ஓஇஎம் அன்லாக்கிங் என்ற பொத்தான் நகர்கிறதா என்று அங்கேயே பாருங்கள். அமெரிக்காவின் வெரைசன் நிறுவனத்துக்காக விற்ற பிக்சல்களில் அது சாம்பல் நிறத்தில் நிற்கும், நகராது. பார்ப்பதற்கு மற்ற பிக்சல்களைப் போலவே இருக்கும், சிம் பூட்டும் இருக்காது. ஆனால் பூட்லோடர் திறக்காது. அந்தப் பொத்தானைத் தொட்டுப் பார்க்காமல் வெள்ளியை எண்ணிக் கொடுக்காதீர்கள்.

கீழே வரும் படிகளுக்குப் பிக்சல் 7ஏ போனை எடுத்துக்கொள்கிறேன். கூகலின் கோப்புப் பட்டியலில் அதன் உள்பெயர் லின்க்ஸ். உங்களிடம் வேறு பிக்சல் இருந்தாலும் முறை ஒன்றுதான். எங்கே மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

தொடங்கும் முன்

பூட்லோடரைத் திறந்த நொடியில் போனில் உள்ள அனைத்தும் அழியும். பாதுகாப்புக்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் திருடியவன் பூட்லோடரைத் திறந்து உங்கள் படங்களைப் பார்த்துவிடுவான். ஆகவே படங்களைக் கணினிக்கு நகலெடுங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களைப் பிரதி எடுங்கள், பிரதி எடுத்த தேதியைச் சரிபாருங்கள். ஆறு இலக்க எண் காட்டும் அங்கீகாரச் செயலி ஏதாவது இருந்தால் அதை வேறு போனுக்கு மாற்றுங்கள். பலர் மறப்பது இதைத்தான். கூகல் கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்று கணினியில் நுழைந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிள் முக்கியம். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கும் மலிவுக் கேபிள்கள் பலவற்றில் சார்ஜ் மட்டும் போகும், தரவு போகாது. போனைக் கணினியில் செருகியதும் கோப்பு மாற்றலாமா என்று போன் கேட்டால் அது சரியான கேபிள். யூஎஸ்பி ஹப் வழியாகச் செருகாமல் நேராகக் கணினியில் செருகுங்கள். போனில் 60 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும். மேசைக் கணினியைவிட மடிக்கணினி நல்லது. பினாங்கில் மாலை இடிமழைக்கு மின்சாரம் போனாலும் அதன் பேட்டரி பாதி வழியில் கைவிடாது.

இனி திரும்பும் வழி. போனில் செட்டிங்ஸ், அபவுட் போன் போய் அடியில் உள்ள பில்ட் நம்பரை எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ளுங்கள். கூகலின் ஆண்ட்ராய்டு டெவலப்பர் தளத்தில் ஃபேக்டரி இமேஜஸ் பக்கத்தில் லின்க்ஸ் என்ற தலைப்பின் கீழ் அதே பில்ட் நம்பர் உள்ள கோப்பைத் தேடிப் பதிவிறக்குங்கள். "கிட்டத்தட்ட அதே" போதாது. மாதத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது. அதே மாதத்திலும் சில நாடுகளுக்கும் நிறுவனங்களுக்கும் தனிப் பதிப்பு இருக்கும். பதிப்பு பொருந்தாத கோப்பைப் போட்டால்தான் போன் லோகோவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பதிவிறக்கிய ஜிப்பை விரித்தால் உள்ளே இமேஜ் என்று தொடங்கும் இன்னொரு ஜிப் இருக்கும். அதையும் விரியுங்கள். அதற்குள் இனிட்_பூட்.ஐஎம்ஜி என்ற சிறு கோப்பு இருக்கிறது. அதைத் தனியே நகலெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு என்ன ஆனாலும் உங்களை வெளியே கொண்டுவரப் போவது இந்தக் கோப்புதான்.

ஏன் இனிட்_பூட்? ஆண்ட்ராய்டு தொடங்கும்போது கரு முதலில் ஓட்டும் நிரலுக்கு இனிட் என்று பெயர். மேஜிஸ்க் என்ற கருவி தன்னை அந்த இடத்தில் நுழைத்துக்கொண்டுதான் ரூட் உரிமையைத் தருகிறது. ஆண்ட்ராய்டு 13ஓடு சந்தைக்கு வந்த போன்களில் அந்த நிரல் இனிட்_பூட் என்ற தனிப் பார்ட்டிஷனுக்கு மாறியது. பிக்சல் 7 வரிசையும் அதற்குப் பின் வந்தவையும் அப்படி. பிக்சல் 6ஏ போன்ற முந்தையவற்றில் பூட்.ஐஎம்ஜி என்ற கோப்பை எடுக்க வேண்டும். மற்ற படிகளில் மாற்றமில்லை, அந்தப் பெயர் மட்டும் மாறும். பழைய காலத்தில் ரூட் செய்வதென்றால் சிஸ்டம் பார்ட்டிஷனிலேயே கை வைக்க வேண்டியிருந்தது. 2016இல் ஜான் வூ வெளியிட்ட மேஜிஸ்க், சிஸ்டத்தைத் தொடாமல் தொடக்கக் கோப்பை மட்டும் மாற்றும் வழியைப் பரவலாக்கியது. நமக்கு அதனால் உள்ள லாபம் பெரிது. அந்த ஒரு கோப்பைத் திருப்பி வைத்தால் ரூட் போய்விடும், சிஸ்டம் அப்படியே இருக்கும்.

கணினியைத் தயார் செய்தல்

கூகலின் தளத்திலிருந்து, ஏடிபியும் பூட்லோடர் நிலையில் உள்ள போனோடு பேசும் ஃபாஸ்ட்பூட்டும் அடங்கிய பிளாட்ஃபார்ம்-டூல்ஸ் ஜிப்பைப் பதிவிறக்கி, சி டிரைவில் நேராக விரியுங்கள். பெயரில் இடைவெளி உள்ள ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள். ஃபோல்டரைத் திறந்து, மேலே உள்ள முகவரிப் பட்டையில் சிஎம்டி என்று அடித்து எண்டர் தட்டினால் கறுப்புத் திரை அங்கேயே திறக்கும். நீலத் திரையான பவர்ஷெல் திறந்துவிட்டால் ஒவ்வொரு கட்டளைக்கு முன்னும் ஒரு புள்ளியும் பின்சாய்கோடும் போட வேண்டும். புதியவர்கள் கறுப்புத் திரையிலேயே இருப்பது நல்லது.

கட்டளைகளை இங்கே ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், சொல்லுக்குச் சொல் ஒரு இடைவெளி விட்டு அடியுங்கள். ஃபாஸ்ட்பூட் ஒரே சொல், நடுவே இடைவெளி இல்லை.

போனில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டுங்கள். டெவலப்பர் ஆகிவிட்டீர்கள் என்று செய்தி வரும். செட்டிங்ஸ், சிஸ்டம் பகுதியில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் புதிதாகத் தோன்றும். அங்கே மூன்று மாற்றங்கள். ஓஇஎம் அன்லாக்கிங்கை இயக்குங்கள், யூஎஸ்பி டிபக்கிங்கை இயக்குங்கள், ஆட்டோமேட்டிக் சிஸ்டம் அப்டேட்ஸை அணையுங்கள். இந்த மூன்றாவதை அணைக்காவிட்டால் இரவில் போன் தானே பதிப்பை மாற்றிக்கொள்ளும், நீங்கள் எடுத்து வைத்த கோப்பு பொருந்தாமல் போகும்.

கேபிளைச் செருகி அடியுங்கள்:

ஏடிபி டிவைசஸ்

முதல் முறை அன்ஆதரைஸ்டு என்று வரும். போன் திரையைப் பாருங்கள், இந்தக் கணினியை நம்பலாமா என்று கேட்கும். அனுமதி கொடுத்துவிட்டு மறுபடி அடித்தால் ஒரு நீண்ட எண்ணும் அதன் பக்கத்தில் டிவைஸ் என்ற சொல்லும் வரும்.

பூட்லோடரைத் திறத்தல்

ஏடிபி ரீபூட் பூட்லோடர்

போன் அணைந்து, சிறிய எழுத்துகள் நிறைந்த ஒரு திரையோடு எழும். அதில் டிவைஸ் ஸ்டேட் என்ற வரியில் லாக்டு என்று இருக்கும். இப்போது:

ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்

எண் வந்தால் நல்லது. பலருக்கு இங்கே ஒன்றுமே வராது, வெறும் காலி வரி. போன் கெட்டுவிட்டதோ என்று பயந்து கேபிளைப் பிடுங்குவார்கள். போனில் ஒரு குறையும் இல்லை. சாதாரண நிலைக்கு ஒரு டிரைவர், இந்த நிலைக்கு இன்னொரு டிரைவர் என்று விண்டோஸ் பிரித்துப் பார்க்கிறது, அவ்வளவுதான். கூகல் யூஎஸ்பி டிரைவர் ஜிப்பைப் பதிவிறக்கி விரியுங்கள். டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் ஆண்ட்ராய்டு என்ற பெயரோடு மஞ்சள் முக்கோணம் ஒன்று இருக்கும். அதன் மேல் வலது சொடுக்கி, அப்டேட் டிரைவரில் கணினியில் உள்ள ஃபோல்டரைத் தேர்ந்து, பட்டியலில் ஆண்ட்ராய்டு பூட்லோடர் இண்டர்ஃபேஸ் என்பதை நிறுவுங்கள். பிறகு எண் வரும். லினக்ஸிலும் மேக்கிலும் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது திரும்ப எடுக்க முடியாத படி. பிரதிகள் பத்திரமா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு:

ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷிங் அன்லாக்

போன் திரையில் எச்சரிக்கை வரும். ஒலிப் பொத்தானை அழுத்தி அன்லாக் த பூட்லோடர் என்பதற்கு மாற்றி, பவர் பொத்தானால் உறுதி செய்யுங்கள். தரவு அழியும். லாக்டு என்று இருந்த இடத்தில் அன்லாக்டு என்று வரும். ஃபாஸ்ட்பூட் ரீபூட் அடித்தால் போன் எழும்போது, பூட்லோடர் திறந்திருக்கிறது, இதில் உள்ள தரவு பாதுகாப்பற்றது என்ற அறிவிப்பு சில விநாடி நிற்கும். இனி ஒவ்வொரு முறை போனை இயக்கும்போதும் அது வரும். உண்மையைத்தான் சொல்கிறது. இந்தப் போன் உங்கள் கையை விட்டுப் போனால், எடுத்தவர் அதில் வேறு மென்பொருளை ஏற்ற முடியும். வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகும் போனை ரூட் செய்யாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

போனைப் புதிதாக அமைக்கும் கேள்விகளை முடிந்தவரை தாண்டிச் செல்லுங்கள். பிறகு மறுபடி ஏழு தட்டு, மறுபடி யூஎஸ்பி டிபக்கிங், மறுபடி தானியங்கி அப்டேட்டை அணைத்தல்.

மேஜிஸ்க்

மேஜிஸ்க் செயலியை கிட்ஹப்பில் உள்ள அதன் மூலப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். அதற்குத் தனி இணையதளம் கிடையாது. தேடினால் மேஜிஸ்க் என்ற பெயரிலேயே அழகழகான தளங்கள் முதல் வரிசையில் நிற்கும். ஒன்றும் ஜான் வூவுடையதல்ல. ஒரே தொடுகையில் ரூட் என்று விளம்பரம் செய்யும் செயலிகளையும் தொடாதீர்கள். முன்பின் தெரியாத ஒருவருக்குப் போனின் உச்ச அதிகாரத்தைக் கொடுப்பதும் அதுவும் ஒன்றுதான். நம் நாட்டில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே என்ற செயலிக் கோப்பை நிறுவிச் சேமிப்பை இழந்த குடும்பங்கள் எத்தனையோ. ரூட் ஆன போனில் அப்படி ஒரு கோப்பு நுழைந்து ரூட் அனுமதியும் பெற்றுவிட்டால் அதைத் தடுக்க ஆண்ட்ராய்டிடம் ஒன்றும் மிச்சமிருக்காது. மோசடியில் பணம் போய்விட்டது என்று சந்தேகம் வந்தால் உடனே அழைக்க வேண்டிய தேசிய எண் 997. இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

பத்திரப்படுத்திய இனிட்_பூட் கோப்பின் நகலைப் போனின் டவுன்லோட் ஃபோல்டரில் போடுங்கள். மேஜிஸ்க்கைத் திறந்து, மேலே உள்ள இன்ஸ்டாலைத் தொட்டு, செலக்ட் அண்ட் பேட்ச் எ ஃபைல் என்பதைத் தேர்ந்து, அந்தக் கோப்பைக் காட்டுங்கள். சில வரிகள் ஓடி முடிந்ததும் அதே ஃபோல்டரில் மேஜிஸ்க்_பேட்ச்ட் என்று தொடங்கும் புதுக் கோப்பு உருவாகும். அதைக் கணினிக்கு நகலெடுத்து பிளாட்ஃபார்ம்-டூல்ஸ் ஃபோல்டரில் வையுங்கள். பெயர் நீளமாக இருக்கும், ரூட்.ஐஎம்ஜி என்று மாற்றிக்கொள்ளுங்கள். மூலக் கோப்பும் அதே ஃபோல்டரில் இருக்கட்டும்.

மறுபடி ஏடிபி ரீபூட் பூட்லோடர். அந்தத் திரை வந்ததும்:

ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷ் இனிட்_பூட் ரூட்.ஐஎம்ஜி

ஓகே, ஓகே என்று இரண்டு வரி வந்து முடியும். பிக்சல் 6ஏ என்றால் இனிட்_பூட் என்ற இடத்தில் பூட் என்று மட்டும். பிறகு ஃபாஸ்ட்பூட் ரீபூட். போன் எழுந்ததும் மேஜிஸ்க்கைத் திறந்தால் இன்ஸ்டால்டு என்ற சொல்லுக்கு நேரே பதிப்பு எண் தெரியும். இன்னும் கொஞ்சம் அமைக்க வேண்டும் என்று கேட்டால் சரி கொடுங்கள், ஒரு முறை அணைந்து எழும்.

உண்மையாகவே ரூட் கிடைத்ததா என்று சோதிக்க எந்தச் செயலியும் வேண்டாம். கணினியில் ஏடிபி ஷெல் என்று அடியுங்கள். வரியின் முடிவில் $ குறி நிற்கும். எஸ்யூ என்ற இரண்டு எழுத்தை அடித்து எண்டர் தட்டுங்கள். போன் திரையில் மேஜிஸ்க் ஒரு பெட்டியைக் காட்டி, ஷெல் ரூட் உரிமை கேட்கிறது, கொடுக்கலாமா என்று கேட்கும். அனுமதி கொடுத்ததும் கணினியில் $ மறைந்து # வரும். ஐடி என்று அடித்தால் யூஐடி=0 என்று தொடங்கும் வரி வரும். லினக்ஸில் பூஜ்ய எண் ஒரே ஒருவருக்குத்தான், ரூட் பயனருக்கு. எக்ஸிட் என்று இரு முறை அடித்து வெளியே வாருங்கள்.

போன் எழவில்லை என்றால்

லோகோவிலேயே சுற்றினால் பதறாதீர்கள். பவர் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்துப் பிடித்தால் பூட்லோடர் திரை வரும். மாற்றாத மூலக் கோப்பை அதே ஃபிளாஷ் கட்டளையால் திருப்பிப் போடுங்கள்:

ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷ் இனிட்_பூட் இனிட்_பூட்.ஐஎம்ஜி

பெரும்பாலும் இதோடு போன் எழுந்துவிடும், தரவும் போகாது. எழுந்ததும் பில்ட் நம்பரை மறுபடி ஒப்பிட்டுப் பாருங்கள், தவறு அங்கேதான் இருக்கும். இதற்கும் எழாவிட்டால் குரோம் உலாவியில் கூகலின் ஆண்ட்ராய்டு ஃபிளாஷ் டூல் பக்கத்தைத் திறந்து முழு மென்பொருளையும் ஏற்றலாம். பூட்லோடர் திரை வருகிறவரை போன் பிழைத்திருக்கிறது என்று பொருள்.

ரூட் ஆகி நன்றாக ஓடிய போன், மேஜிஸ்க்கில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் மாட்யூல் ஒன்றைப் போட்ட பிறகு நின்றுவிட்டால் சேஃப் மோடில் ஒரு முறை எழுப்புங்கள். மேஜிஸ்க் அதைக் கண்டு எல்லா மாட்யூல்களையும் முடக்கிவிடும். பிறகு சாதாரணமாக எழுப்பி, சந்தேகமானதை நீக்கலாம்.

இரண்டு காரியங்கள் மட்டும் போனை உண்மையிலேயே கல்லாக்கக் கூடும். முதலாவது, ரூட் செய்த நிலையிலேயே பூட்லோடரை மறுபடி பூட்டுவது. பூட்டிய பூட்லோடர் கையொப்பம் பொருந்தாத தொடக்கக் கோப்பை ஏற்காது, போனும் எழாது. ஓஇஎம் அன்லாக்கிங்கும் அணைந்திருந்தால் மறுபடி திறக்கவும் வழியில்லை. அந்தப் பொத்தானை ரூட் இருக்கும்வரை அணைக்கவே அணைக்காதீர்கள். இரண்டாவது, பழைய பதிப்புக்கு இறங்குவது. 2022இல் பிக்சல் 6 வரிசைக்கு ஆண்ட்ராய்டு 13 வந்தபோது பூட்லோடரில் பின்னோக்கிப் போவதைத் தடுக்கும் எண்ணை உயர்த்தினார்கள். அதற்குப் பிறகு ஆண்ட்ராய்டு 12ஐ ஏற்ற முடியாது. ஷாவ்மியிலும் இதே தடுப்பு உண்டு.

சாம்சங், ஷாவ்மி வைத்திருப்பவர்களுக்கு

சாம்சங்கில் ஃபாஸ்ட்பூட் கிடையாது. போனை அணைத்து, இரண்டு ஒலிப் பொத்தானையும் பிடித்துக்கொண்டு கேபிளைச் செருகினால் டவுன்லோட் மோட் வரும். அங்கே ஒலி கூட்டும் பொத்தானை நீண்ட நேரம் அழுத்தித் திறக்க வேண்டும். பிறகு முழு ஃபர்ம்வேரில் உள்ள ஏபி என்ற பெரிய கோப்பை மேஜிஸ்க்கில் கொடுத்து, கிடைத்ததை ஓடின் என்ற விண்டோஸ் கருவியால் மற்ற கோப்புகளோடு சேர்த்து ஏற்ற வேண்டும். அந்தக் கோப்பு பல ஜிபி. போனிலிருந்து கணினிக்குக் கொண்டுவரும்போது சாதாரண இழுத்துப் போடும் முறையில் சிதைய வாய்ப்புண்டு. ஏடிபி புல் கட்டளையால் எடுங்கள். இதைவிடப் பெரிய விஷயம் சாம்சங்கின் பாதுகாப்பு அமைப்பான நாக்ஸ். அந்நியக் கோப்பு ஏறியதும் சிப்புக்குள் ஒரு மின்னணு ஃபியூஸ் எரிந்துவிடும், அதைத் திருப்ப எந்த வழியும் இல்லை. பழைய மென்பொருளுக்கே திரும்பினாலும் செக்யூர் ஃபோல்டரும் சாம்சங் பேயும் அந்தப் போனில் இனி ஓடாது. மேலும் 2025இல் வந்த ஒன் யூஐ 8 பதிப்பில் பூட்லோடர் திறக்கும் வாய்ப்பையே சாம்சங் எடுத்துவிட்டது. ஆகவே பழைய பதிப்பில் உள்ள கேலக்ஸி வைத்திருப்பவர்கள் அப்டேட் செய்யும் முன் யோசியுங்கள்.

ஷாவ்மியில் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் எம்ஐ அன்லாக் ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் கணக்கைப் போனோடு இணைக்க வேண்டும். வைஃபையை அணைத்து, சிம்மின் தரவு மூலம் செய்யுங்கள். அதன் பிறகு எம்ஐ அன்லாக் கருவி பெரும்பாலும் 168 மணி நேரம், அதாவது ஒரு வாரம் காத்திருக்கச் சொல்லும். நடுவில் கணக்கை மாற்றி மாற்றி இணைத்தால் காத்திருப்பு நேரம் மறுபடி தொடக்கத்திலிருந்து ஓடும். ஷாவ்மியின் புதிய மென்பொருளான ஹைப்பர்ஓஎஸ் வந்த பிறகு ஷாவ்மி கம்யூனிட்டி செயலியிலும் விண்ணப்பிக்க வேண்டும். தினசரி இடம் குறைவு, பெய்ஜிங் நேரம் நள்ளிரவில் திறக்கும். நமக்கும் பெய்ஜிங்குக்கும் ஒரே நேரம் என்பதால் இங்கே இரவு 12 மணிக்கு விழித்திருந்தால் போதும்.

ரூட் ஆன பிறகு

முதல் வாரத்தில் மாட்யூல்களைக் குவிக்காதீர்கள். ஒன்று போடுங்கள், ஓட விடுங்கள், பிறகு அடுத்தது. நான் பரிந்துரைப்பவை மூன்றுதான். விளம்பரத் தடுப்புக்கு ஆட்அவே. மேஜிஸ்க் செட்டிங்ஸில் சிஸ்டம்லெஸ் ஹோஸ்ட்ஸை இயக்கிவிட்டுப் போட வேண்டும். செயலிகளைத் தரவோடு பிரதி எடுக்க நியோ பேக்கப். அழைப்புப் பதிவுக்கு பிசிஆர். மூன்றும் மூல நிரல் திறந்தவை. எந்தச் செயலி ரூட் கேட்டாலும் எதற்காக என்று உங்களுக்குப் பதில் தெரிந்தால் மட்டும் அனுமதியுங்கள். டார்ச் செயலி ரூட் கேட்டால் அதை நீக்கிவிடுங்கள்.

வங்கிச் செயலியை ஏமாற்றி ஓட வைக்க வழி உண்டா என்று எல்லாரும் கேட்பார்கள். முன்பு மேஜிஸ்க்கிலேயே மறைக்கும் வசதி இருந்தது. ஜான் வூ 2021இல் கூகலில் சேர்ந்த பிறகு அதை விலக்கினார், 2022இல் வந்த 24ஆம் பதிப்பில் அது இல்லை. அதன் பிறகு வேறு பலர் மாட்யூல்கள் எழுதினார்கள். ஆனால் போன் நம்பகமானதா என்று செயலிகள் கேட்கும் பிளே இண்டெக்ரிட்டி சோதனை, ஆண்ட்ராய்டு 13உம் அதற்கு மேற்பட்டதும் உள்ள போன்களில் 2025 மே முதல் வன்பொருள் சான்றையே எதிர்பார்க்கிறது. இன்று ஓடுவது நாளைக் காலையில் நிற்கும். அந்த ஓட்டப்பந்தயத்தில் இறங்காதீர்கள். உங்கள் சேமிப்புக்குக் காவலாக இருக்கும் சோதனையை, யாரோ எழுதிய மாட்யூலால் உடைப்பது எனக்குச் சரியாகவே படவில்லை. வங்கிக்கு ஒரு போன், ரூட்டுக்கு ஒரு போன்.

அப்டேட் வரும்போது வழக்கம்போல் போனிலேயே நிறுவ விடாதீர்கள். புதிய பதிப்பின் ஃபேக்டரி இமேஜைப் பதிவிறக்கி விரித்தால் ஃபிளாஷ்-ஆல் என்ற கோப்பு இருக்கும். அதை நோட்பேடில் திறந்து, கடைசியில் வரும் ஃபாஸ்ட்பூட் வரியில் டபிள்யூ என்ற எழுத்தையும் அதன் முன் உள்ள ஹைஃபனையும் மட்டும் நீக்கிச் சேமியுங்கள். தரவை அழிக்கச் சொல்லும் கட்டளை அதுதான். பூட்லோடர் திரையில் இதை ஓட்டினால் தரவு அப்படியே இருக்க, பதிப்பு மட்டும் ஏறும். ரூட் போயிருக்கும். புதிய இனிட்_பூட் கோப்பை எடுத்து மேஜிஸ்க்கில் கொடுத்து, மேலே செய்தபடியே மறுபடி ஏற்றுங்கள். பழைய ரூட்.ஐஎம்ஜியைப் புதிய பதிப்பில் போடவே கூடாது.

போனை விற்கப் போகிறீர்கள், அல்லது ரூட் போதும் என்று தோன்றுகிறது என்றால் அதே ஃபிளாஷ்-ஆல் கோப்பை, இம்முறை அந்த எழுத்தை நீக்காமல், முழுமையாக ஓட்டுங்கள். போன் ஒரு முறை முழுசாக எழுந்து, மொழி கேட்கும் திரை வரும்வரை காத்திருங்கள். அதைக் கண்ணால் பார்த்த பிறகே பூட்லோடர் திரைக்குத் திரும்பி ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷிங் லாக் கட்டளையைக் கொடுங்கள். போன் மறுபடி ஒரு முறை அழிந்து எழும், தொடக்க எச்சரிக்கையும் மறைந்திருக்கும். அதற்கு அப்புறம்தான் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ஓஇஎம் அன்லாக்கிங்கை அணைக்க வேண்டும்.